குசினிச் சுவருக்குள் தேனீ: மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திரும்பக் கொண்டுபோய் வையுங்கள்

முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு, புளொக் கல் சுவர். ஒரு மாதமாகக் குசினி யன்னலுக்கு மேலே ஒரு துவாரத்தால் தேனீ போய் வருகிறது. வீட்டில் இரண்டரை வயதுப் பிள்ளையும் வயதான அம்மாவும் இருக்கிறார்கள். தம்பிக்காரன் இன்றிரவே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவோம் என்கிறான். பக்கத்து வளவு ஐயா சீமெந்தால் ஓட்டையை அடைக்கச் சொல்கிறார். இதோடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பாலை மரத்தில் சுளகளவில் கறுப்பாக ஒன்று தொங்குகிறதாம். இரண்டுக்கும் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில், இன்றிரவு ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு மாதமாகப் போய் வருகிற பூச்சி வீட்டில் ஒருவரையும் கொட்டவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கும் அப்படித்தான் இருக்கும், தம்பி கை வைக்காதவரை.

சின்ன வயதில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலில் நடந்ததைச் சொல்கிறேன். முகட்டு வளையில் தேன்கூடு. மாமா பந்தம் பிடித்தார். கிடுகுக் கூரை, பந்தத்தைத் தூக்கி ஐந்து நிமிடத்தில் கூடும் இல்லை, கொட்டிலும் இல்லை. பூச்சியில் பாதி வெளியே வந்து கட்டியிருந்த கன்றுக்குட்டியில் போய் விழுந்தது. எங்களுக்கு ஓடக் கால் இருந்தது, அதற்குக் கழுத்தில் கயிறு இருந்தது. அன்றைக்குத் தேன் ஒரு துளியும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் சுவருக்குள் மின்வயர் போகிறது, மேலே மரக் கூரை. மண்ணெண்ணெயை அதற்குள் ஊற்றினால் பிறகு தேனீயைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

அடைப்பது நெருப்பைப் போல ஆபத்தில்லை, ஆனால் உதவாது. புளொக் கல்லின் பொந்துகள் ஒன்றோடொன்று தொடுத்திருக்கும். வெளி வாசலை அடைத்தால் பூச்சி உள்ளே வெளிச்சம் தெரிகிற பக்கம் தேடும். சுவிட்ச் பெட்டிக்குள்ளாலும் வயர் போட்ட துளைக்குள்ளாலும் குசினிக்குள் வந்து நிற்கும். கடையில் வாங்குகிற பூச்சி மருந்து அடித்தால் என்ன நடக்கும்? பூச்சி சாகும், வதை, அதாவது அது கட்டிய மெழுகு அடை, சுவருக்குள் கிடக்கும். தேன் இருக்கிற வதையைக் குளிராக வைத்திருப்பது பூச்சிதான். அது செத்த பிறகு வெயிலில் மெழுகு இளகித் தேன் சுவரால் வடியும், எறும்பு வரும், செத்த புழு நாறும். அக்கம்பக்கத்துக் கூட்டங்கள் வந்து அந்த நஞ்சுத் தேனையே அள்ளிக்கொண்டு போகும். அதை யாரோ ஒருவர் பிறகு போத்தலில் அடைத்து விற்பார்.

சரி, உங்கள் சுவரில் இருப்பது என்ன என்று பார்ப்போம். நீங்கள் சொன்ன அளவை வைத்துப் பார்த்தால் அது சாதாரணத் தேனீ, பொந்துத் தேன் எடுக்கிறோமே, அந்த இனம். இருட்டான பொந்துக்குள் ஐந்தாறு வதைகளை வரிசையாகத் தொங்கவிட்டுக் கட்டும். மரப் பொந்து, புற்று, பாவிக்காத தண்ணீர்த் தாங்கி, மீற்றர் பெட்டி, கவிழ்த்து வைத்த பானை எல்லாம் அதற்கு ஒன்றுதான். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பூட்டிக் கிடந்த வீடுகளில் மனிதருக்கு முன்னே குடிவந்திருந்தவர்களில் இவையும் உண்டு. நம்மிடம் இருக்கும் தேனீக்களில் மனிதரோடு ஒத்துப்போகிறது இதுதான். பெட்டியில் வைத்து வளர்ப்பதும் இதைத்தான்.

பாலை மரத்தில் தொங்குவது வேறு சாதி. பெருந்தேனீ. ஒரே ஒரு பெரிய வதை, வெளியே திறந்தபடி, மேலே பூச்சி போர்வை போல மூடியிருக்கும். சாதாரணத் தேனீயைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் நீளம். பேச்சில் நாங்கள் இதையும் குளவி என்றுதான் சொல்கிறோம்; பத்திரிகையில் ‘குளவிக் கொட்டு’ என்று வருகிற செய்திகளில் பல இந்தப் பெருந்தேனீயின் வேலை. சிகிரியாவில் சிங்கப் பாதத்துக்குப் பக்கத்தில் கம்பிவலைக் கூண்டு வைத்திருக்கிறார்களே, கூட்டம் கலைந்தால் ஆட்கள் ஓடிப்போய் ஒளிய, அதுவும் இதற்காகத்தான். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பற்றைக் கொப்பில் உள்ளங்கையளவு ஒற்றை வதை என்றால் அது சின்னக் கொம்புத் தேனீ, அதன்பாட்டில் விடலாம். சுவர் வெடிப்பில் மெழுகுக் குழாய் ஒன்று துருத்திக்கொண்டு, நுளம்பளவு பூச்சி வந்து போனால் அது கொசுத்தேன். கொட்டக் கொடுக்கே கிடையாது, மிஞ்சிப் போனால் தலைமயிருக்குள் புகுந்து கடிக்கும். வளை மரத்தில் விரல் நுழைகிற ஓட்டை போட்டு மரத்தூள் கொட்டுகிற கருவண்டும் தனிப்பூச்சிதான், கூட்டமாக வந்து தாக்காது. சுவரில் மண்ணால் கூடு கட்டுகிற வேட்டைக் குளவியும் அப்படியே. அது கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள், அதனால் அதை யாரும் தட்டுவதில்லை. அந்த நம்பிக்கை வாழட்டும். ஆனால் சாம்பல் கடதாசியில் செய்த பந்து போலக் கூடு, அதில் மஞ்சள் பட்டியோடு நீளமான பூச்சி என்றால் அது உண்மையான குளவி. தேனீ ஒருமுறைதான் கொட்டும், கொடுக்கை விட்டுவிட்டுச் சாகும். குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். அதில் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். திடீரென்று ஒரு பின்னேரம் முருங்கைக் கொப்பிலோ படலைத் தூணிலோ தலையளவு தேனீக் கும்பல் வதை இல்லாமல் தொங்கினால் பதற வேண்டாம். பழைய கூட்டிலிருந்து ராணியோடு பிரிந்து வந்த கூட்டம் அது. வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டு வந்திருக்கும், காக்கப் புழுவும் இல்லை, தேனும் இல்லை. அதனால் சாந்தமாக இருக்கும். வேவு பார்க்கும் பூச்சிகள் புது இடம் கண்டதும் சில மணித்தியாலத்தில், அல்லது இரண்டு மூன்று நாளில் போய்விடும். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள், அவ்வளவு போதும். தேனீ வளர்க்கிற ஒருவரைத் தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். பெட்டிக்குள் ஏற்ற மிகச் சுலபமான நேரம் அதுதான்.

இப்போது உங்கள் சுவர். ஆள் கிடைத்து எடுக்கும்வரை, ஒரு கிழமையோ ஒரு மாதமோ, அதோடு வாழத்தான் வேண்டும். வாசலுக்கு நேர் முன்னால் நின்று வேலை செய்யாதீர்கள். பக்கவாட்டில் மூன்று நான்கு மீற்றர் தள்ளி நடந்தால் கவனிக்காது. குசினிப் பக்கம் உள்ள வெடிப்பு, வயர் துளை, சுவிட்ச் பெட்டியின் இடுக்கு எல்லாவற்றையும் உள்ளிருந்து ஒட்டுப் பட்டியால் அடையுங்கள். வெளி வாசலைத் தொடாதீர்கள். யன்னலுக்குப் பழைய நுளம்புவலையை ஆணி அடித்து விடுங்கள். இரவில் பூச்சி குசினி பல்பைச் சுற்றினால் விளக்கை நிறுத்திவிட்டு வெளியே ஒரு விளக்கைப் போடுங்கள், அங்கே போய்விடும்.

தேனீயைக் கோபப்படுத்துகிறவற்றில் முதலாவது அதிர்வு. புல்லு வெட்டுகிற மெஷினை அந்தச் சுவரோரம் கொண்டுபோகாதீர்கள். லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷினை அங்கே நிறுத்தி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சுவரில் ஆணி அடிக்கவோ துளை போடவோ வேண்டாம். பிள்ளைக்கு ‘கிட்டப் போகாதே’ என்றால் போகும்; ஒரு பழைய கதவையோ தகரத்தையோ நிறுத்தி வழியை மறைத்துவிடுவது நல்லது. ஆடு மாட்டை அந்தப் பக்கம் கட்டாதீர்கள். கட்டிய மிருகம் தப்ப முடியாது. நாயும் அப்படித்தான்.

ஆடி ஆவணியில் குழாயடியிலும் கிணற்றுக்கட்டிலும் தேனீ மொய்த்தால் அதைக் கூடு என்று நினைக்காதீர்கள். வெயிலில் தண்ணீர் தேடி வருகிறது. வளவின் ஒரு மூலையில், நிழலில், அகலத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். ஒருமுறை பழகிவிட்டால் அங்கேதான் வரும். ஆனால் வைத்ததை வற்ற விடக்கூடாது, வற்றினால் திரும்பவும் உங்கள் வாளிதான்.

எடுப்பது யார்? ஊரில் தேன் எடுக்கிறவர் ஒருவர் இருப்பார். ஆனால் முதலில் கேளுங்கள்: தேனை எடுத்துவிட்டுக் கூட்டை அழிப்பவரா, பெட்டிக்கு மாற்றத் தெரிந்தவரா? இரண்டாவது ஆள்தான் வேண்டும். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் உங்கள் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர் யார் என்று சொல்லக்கூடும். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்கலாம். திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளையில் பிந்துனுவெவவில் இருக்கிறது. தூரம்தான், ஆனால் வளர்க்க ஆசை இருந்தால் தெரிந்து வைத்திருங்கள்.

வருகிறவர் செய்கிற வேலையை நீங்கள் செய்யச் சொல்லவில்லை. சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கூடு சுவரில் எங்கே என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வாசல் ஓரிடம், வதை வேறிடமாக இருக்கும். தேனீ புழு வளர்க்கும் இடத்தை 35 பாகைக்குக் கிட்ட வைத்திருக்கும். விடியற்காலையில் சுவர் குளிர்ந்திருக்கும்போது கையை வைத்துத் தடவினால் கூட்டுக்கு நேரே இளஞ்சூடு தெரியும். காதை வைத்தால் இரைச்சலும் கேட்கும். நம்மூர் மத்தியான வெயிலில் இதைச் செய்து பயனில்லை, சுவர் முழுக்கச் சூடுதான்.

வேலை பொழுது சாய்கிற நேரத்தில் தொடங்க வேண்டும், வெளியே போன பூச்சி எல்லாம் திரும்பியிருக்கும். அன்று பிள்ளையும் அம்மாவும் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். பக்கத்து வளவுக்காரருக்கும் சொல்லி, அவர்களுடைய ஆடு மாட்டையும் அவிழ்த்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வேலை செய்கிறவர் வெள்ளை அல்லது மங்கல் நிறத்தில் முழுக்கைச் சேட், காற்சட்டைக் கால் காலுறைக்குள், தொப்பிக்கு மேல் வலை. கறுப்பு உடுப்பும் வாசனைப் பூச்சும் கூடாது. ரோச் லைற் வேண்டுமென்றால் கண்ணாடிக்குச் சிவப்புத் தாள் சுற்றுங்கள். தேனீக்குச் சிவப்பு தெரியாது. வெள்ளை வெளிச்சம் பிடித்தால் பிடித்தவர் முகத்துக்கு வரும்.

பொச்சுமட்டையைத் தகரத்துக்குள் வைத்து, சுவாலை இல்லாமல் குளிர்ந்த புகையாக இரண்டு மூன்று ஊது ஊதினால் போதும். புகை பட்டதும் தேனீ தேனைக் குடிக்கப் போகும். ஆபத்தை அறிவிக்க அது விடுகிற வாசமும் புகையில் மறைந்துவிடும். அந்த வாசம் பழுத்த வாழைப்பழம் போல இருக்கும். வேலைக்கு நடுவில் வாழைப்பழ வாசம் எழுந்தால் ஒரு எட்டுப் பின்னால் வர வேண்டும், புகை போட வேண்டும், பொறுக்க வேண்டும். கூட்டை எரிக்கிற மாதிரிப் புகையை ஊற்றுகிறவரை நிறுத்துங்கள்.

பிறகு கல்லின் முகத்தை மட்டும் உடைத்துத் திறந்து, வதைகளை ஒன்றொன்றாக வெட்டி எடுப்பார். புழு உள்ள வதைகளைச் சட்டத்தில், சுவரில் இருந்த அதே மேல் கீழ் மாறாமல், வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் வைப்பார். ராணி பெட்டிக்குள் போய்விட்டால் மற்றவை தானாகப் போகும். பெட்டி வாசலில் ராணி நுழைய முடியாத துளைத் தகடு ஒன்றைச் சில நாளைக்குப் போடாவிட்டால், இந்தச் சாதி பெட்டி பிடிக்கவில்லை என்று இரண்டாம் நாளே கிளம்பிவிடும். கிளம்புவது அதன் சுபாவம். பஞ்ச காலத்திலும் எறும்புத் தொல்லையிலும் சுவரை விட்டு அதுவாகவே போவதுண்டு. ஆளில்லாத பக்கச் சுவரில் உயரத்தில் இருந்தால், எடுக்காமலே விட்டுப் பாருங்கள் என்று நான் சொல்லுவேன். உங்களுக்குப் பிள்ளை இருப்பதால்தான் எடுக்கச் சொல்கிறேன். பெட்டியை உங்கள் வளவிலேயே வேறு மூலைக்குத் தூக்கினால் பூச்சி பழைய சுவருக்கே திரும்பும். இரவோடு இரவாக இரண்டு மூன்று கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

தேன் கிடைத்தால் உங்களுக்குத்தான் பங்கு, விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. உங்கள் பிள்ளை தாண்டிவிட்டது. சொந்தத்தில் கைக்குழந்தை இருந்தால் சொல்லிவையுங்கள்.

புற்றுக்குள் இருக்கிற கூட்டைப் பற்றியும் பலர் கேட்பதால் இங்கேயே சொல்கிறேன். தேனீ என்றாலும் குளவி என்றாலும், நம் பக்கத்தில் காட்டோரப் புற்றுக்கு நெருப்பு வைக்கவோ மண்வெட்டி போடவோ கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத மண் இது. அகற்றிய இடம் என்று உறுதியாகத் தெரியாத பற்றைக்குள் எரிகிற நெருப்பு எதைச் சூடாக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டை விட்டுவிடுங்கள்.

பாலை மரத்துப் பெருந்தேனீக்கு வருகிறேன். அதை எடுக்க முயல வேண்டாம், எடுப்பேன் என்று வருகிற ஆளுக்கும் பகலில் பள்ளிக்கூட வழியில் இடம் கொடுக்க வேண்டாம். இது நிரந்தரமாகக் குடியிருக்கிற சாதி இல்லை. பூக்காலம் முடிய வதையை வெறுமையாக விட்டுவிட்டுக் கூட்டம் கிளம்பும். ஆனால் இருக்கிற மாதங்களில் கலைந்தால் பல நூறு மீற்றர் துரத்தும். கலைப்பது பெரும்பாலும் இரண்டு பேர்: கல்லெறிகிற பையன், தேன்பருந்து. பருந்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அதிபரிடமும் கிராம சேவையாளரிடமும் சொல்லி, கூடு போகும்வரை பிள்ளைகளை வேறு ஒழுங்கையால் அனுப்புங்கள். பட்டம் விடுவது, மரத்தடியில் குப்பை எரிப்பது, வெடி கொளுத்துவது எல்லாம் அந்தப் பக்கம் நிற்கட்டும். நிலவு இரவில் இது பறக்கும். மரத்துக்கு அருகே வீட்டு விளக்கில் பூச்சி விழுந்தால் அது தாக்குதல் இல்லை, வெளிச்சத்தில் வழி தவறியது. விளக்கை நிறுத்துங்கள், காலையில் செத்துக் கிடப்பதை வெறுங்காலால் மிதிக்காமல் கூட்டித் தள்ளுங்கள். செத்த பூச்சியின் கொடுக்கும் ஏறும்.

கலைந்துவிட்டால்? ஓட வேண்டும். அசையாமல் நில், படுத்துக்கொள் என்பதெல்லாம் கூட்டமாக வரும் தேனீயிடம் செல்லாது. கையை வீசாமல், சேட்டைத் தலைக்கு மேல் இழுத்துக் கண்ணையும் மூக்கையும் மறைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்க் கதவைச் சாத்துங்கள். நாலைந்து பூச்சி கூட வந்தாலும் பரவாயில்லை, வெளியே ஆயிரம் நிற்கிறது. குளத்துக்குள் குதிக்காதீர்கள், தலையை எடுக்கிற நேரம் பார்த்துக்கொண்டு மேலே சுற்றும். மோட்டார் சைக்கிளில் போனால் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள்.

கொட்டின கொடுக்கை உடனே எடுங்கள். நகத்தால் சுரண்டு, நுள்ளி எடுக்காதே என்று ஒரு சட்டம் சொல்வார்கள். 1996இல் ஆராய்ந்தவர்கள் எடுக்கிற விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, சுணங்குவதுதான் கெடுதி என்று காட்டினார்கள். கொடுக்கோடு ஒட்டிய நஞ்சுப்பை பிறகும் சில விநாடிகள் பம்ப் அடித்துக்கொண்டிருக்கும். கத்தி தேடிக்கொண்டு நிற்காமல் கையால் எடுத்துவிடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிக் குளிர்ந்த துணி வையுங்கள். மோதிரம் காப்பு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். சுண்ணாம்பு தடவுவது மனத்துக்கு ஆறுதல், மண்ணெண்ணெய் வேண்டாம். கொட்டிய இடத்தைச் சுற்றி வீங்கிக் கடிப்பது இரண்டு மூன்று நாள் இருக்கும், அது வழமையானது.

பயப்பட வேண்டியது வேறு. கொட்டின இடத்துக்கு அப்பால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் அடைப்பு, மூச்சு இழுப்பு, வாந்தி, தலைசுற்றி விழுதல் — இதில் ஒன்று வந்தாலும் அது ஒவ்வாமை. ஒரே ஒரு கொட்டிலும் வரலாம், அரை மணித்தியாலத்துக்குள்ளேயே வரலாம். பிரிட்டன் (Piriton) என்கிற ஒவ்வாமைக் குளிசை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, அது ஆஸ்பத்திரியில்தான். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வர நேரமாகும் என்றால் அதையே பார்த்துக்கொண்டிராமல் ஓட்டோவிலோ எதிலோ ஏற்றுங்கள். மயக்கமாக இருப்பவரைக் கிடத்திக் காலை உயர்த்தி வையுங்கள், மூச்சு முட்டுபவரை இருத்தி வையுங்கள். முன்பு ஒருமுறை இப்படி வந்தவர் வீட்டில் இருந்தால், மேலே நான் சொன்ன ‘விட்டுப் பாருங்கள்’ உங்களுக்கு இல்லை.

ஒவ்வாமை இல்லாவிட்டாலும், பத்து இருபதுக்கு மேல் கொட்டு வாங்கிய பிள்ளையையும் முதியவரையும் கர்ப்பிணியையும் காட்டத்தான் வேண்டும். பெரிய ஆள் ஐம்பதுக்கு மேல் வாங்கினால், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் ஒருநாள் வைத்துப் பார்க்க வேண்டும். நஞ்சு தசையைக் கரைத்துச் சிறுநீரகத்தை அடைக்கக்கூடும், அது மெதுவாகத் தெரியும். சலம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

கூட்டை எடுத்த பிறகு தம்பிக்கு ஒரு வேலை இருக்கிறது. பொந்துக்குள் ஒட்டியிருக்கும் மெழுகைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகு மணலும் சீமெந்தும் போட்டு நிரப்பிப் பூசச் சொல்லுங்கள். வாசலை மட்டும் பூசினால் மெழுகு வாசம் அடுத்த கூட்டத்தைக் கூட்டிவரும், அதே சுவரில் இன்னொரு வெடிப்பைக் காணும். அடுத்த வருடம் வேம்பு பூக்கிற நாட்களில் ஒரு நாள் ஐந்தாறு பூச்சி அந்த இடத்தை மோந்து மோந்து சுற்றும். வேவு பார்க்க வந்தவை. திறந்த ஓட்டை இருந்தால் அன்றே அடையுங்கள், இரண்டு நாள் கழித்து என்றால் கூட்டம் வந்திருக்கும். வளவின் கோடிப் பக்கம் மரத்தில் பழைய மெழுகு தடவிய வெறும் பெட்டி ஒன்றை முன்கூட்டியே கட்டி வைத்தால் அதற்குள்ளும் போகலாம். போனால் எனக்கு எழுதுங்கள், ராணித் தகடு எங்கே வாங்குவது என்று சொல்கிறேன்.